ஞாயிற்றுக்கிழமை வேன் ஏறுகிறவர்களுக்கு

திருப்பூர் பனியன் கம்பெனிகளின் டைலர்கள், கட்டிங் மாஸ்டர்கள், செக்கிங் அக்காமார், அயர்னிங் அண்ணன்மார், கைமடிக்கு நிற்கும் தம்பி தங்கைகள் எல்லாருக்கும்,



சனிக்கிழமை சாயங்காலம் சம்பளம் கைக்கு வந்த சூட்டோடு, லைனில் ஒருத்தர் நோட்டும் பேனாவுமாக வந்து நிற்பார். வேனுக்கு ஆளுக்கு இவ்வளவு, சாப்பாடு தனி என்று சொல்லிப் பெயர் எழுதிக்கொள்வார். ஞாயிறு விடியும் முன்னே வேன் பல்லடம் ரோட்டைத் தாண்டிவிடும். திருமூர்த்தி மலை, ஆழியாறு பக்கம் கவியருவி, கோபி பக்கம் கொடிவேரி, மாசி பங்குனி என்றால் வெள்ளியங்கிரி, கொஞ்சம் காசு சேர்ந்திருந்தால் ஒகேனக்கல், மூணாறு. வாரம் முழுக்க ஒன்றரை ஷிப்ட் பார்த்த உடம்பு தண்ணீரையும் மேட்டையும் தேடத்தான் செய்யும். போகாதீர்கள் என்று சொல்ல இந்த மடலை எழுதவில்லை. அதைச் சொல்ல வீட்டில் ஆள் இருப்பார்கள்.

அப்படிப் போன இடத்தில் ஒருவருக்கு ஏதாவது ஆனால் யார் பதில் சொல்ல வேண்டும் என்பதுதான் என் பேச்சு. விதி, விளையாட்டுத்தனம், தண்ணி போட்டிருப்பான் என்று மூன்று வார்த்தையில் முடித்துவிட்டு நாமே அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். அதிகாரிகளுக்கு அது மிகவும் வசதி.

2018 மார்ச் 11ஆம் தேதியும் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். தேனி மாவட்டம் போடிநாயக்கனூரை ஒட்டிய குரங்கணி மலையில் அன்று பிற்பகல் காட்டுத்தீ பிடித்தது. சென்னையிலிருந்து வந்த மலையேற்றக் குழு ஒன்றும், நம் ஈரோடு, திருப்பூர் பக்கத்திலிருந்து போன குழு ஒன்றும் கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தன. இரண்டிலும் சேர்த்து முப்பதுக்கும் மேற்பட்டவர்கள். நம்மூரிலிருந்து பிள்ளைகளோடு போனவர்களும் இருந்தார்கள். சரிவெல்லாம் காய்ந்த புல். தீ மேல்நோக்கி ஓடும்போது மனிதர் கால் அதோடு போட்டி போட முடியாது. நம் பக்கத்துச் சூலூரிலிருந்து விமானப்படை ஹெலிகாப்டர்கள் போய்த் தேடின. அன்றும் மறுநாளும் மலையில் எடுத்த உடல்கள் போக, தீக்காயத்தோடு மருத்துவமனையில் கிடந்தவர்களும் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்து, கடைசியில் இறந்தவர்கள் 23 பேர்.

அதன்பிறகு நடந்ததைத்தான் நாம் ஊன்றிப் படிக்க வேண்டும். அனுமதி இல்லாத பாதையில் போனார்கள் என்பது வனத்துறைப் பக்கத்திலிருந்து வந்த முதல் பேச்சு. அதே நேரத்தில், அடிவாரச் சோதனைச்சாவடியில் பணம் வாங்கிக்கொண்டு சீட்டுக் கொடுத்ததும் வெளியே வந்தது. சீட்டு குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷன் போகும் பாதைக்கு, இவர்கள் போனது கொழுக்குமலைக்கு என்றார்கள். வனச்சரகர் ஒருவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். வருவாய்த்துறை முதன்மைச் செயலாளர் அதுல்ய மிஸ்ராவை விசாரிக்கச் சொன்னார்கள். அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி, இறந்தவர் குடும்பத்துக்குத் தலா 4 லட்சம் ரூபாய் அறிவித்தார். மலையேற்றத்துக்குத் தடை வந்தது. அதே ஆண்டில் மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தப் புது விதிகளும் வந்தன.

பாதை மாறிப் போனது தப்பு என்றே வைத்துக்கொள்வோம். அழைத்துப் போனவர்கள் கூட்டத்தையும் வெயிலையும் சரியாகக் கணிக்கவில்லை என்றும் வைத்துக்கொள்வோம். அதனால் வாசலில் உட்கார்ந்து காசு வாங்கியவருடைய பொறுப்பு அழிந்துபோகுமா? மார்ச் மாதம், புல் காய்ந்து கிடக்கிற காடு, உள்ளே போகிறவர்களில் பலர் மலைக்குப் புதிது. இதெல்லாம் தெரிந்த ஒரே ஆள் அந்தச் சாவடியில் இருந்தவர்தான். இப்போது அரசே நடத்தும் மலையேற்றப் பாதைகளை, காட்டுத்தீக் காலம் என்று சொல்லி, 2025இல் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை அரசே மூடிவைத்தது. மார்ச் 11 அந்த இரண்டு மாதத்துக்கு நட்டநடுவில் விழுகிறது. 2018இல் அந்தக் கதவு மூடியிருந்திருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

நம் சட்டம் தப்பை ஒரே தலையில் கட்டச் சொல்வதில்லை, பங்கு பிரிக்கச் சொல்கிறது. அடிபட்டவரும் கவனக்குறைவாக இருந்தால் அந்த அளவுக்கு இழப்பீடு குறையும். மற்றவர் பங்கு அப்படியே நிற்கும். இமாசலப் பிரதேசத்தில் இதை அப்படியே கணக்குப் போட்டுக் காட்டினார்கள். 2014 ஜூன் 8ஆம் தேதி, ஹைதராபாத் பொறியியல் கல்லூரி ஒன்றின் மாணவர்கள் சுற்றுலா போன இடத்தில், மண்டி மாவட்டத்தில் பியாஸ் ஆற்றுப் பாறைகளில் இறங்கிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மேலே லார்ஜி அணையில் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். 24 மாணவர்கள் அடித்துச் செல்லப்பட்டார்கள். இமாசல உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. 2016 ஜனவரியில் ஒவ்வொரு மாணவர் குடும்பத்துக்கும் 20 லட்சம் ரூபாய், வட்டியோடு கொடுக்கச் சொன்னது. அதில் 60 சதவீதம் அணையை நடத்திய மின்வாரியம், 30 சதவீதம் கல்லூரி, 10 சதவீதம் மாநில அரசு.

அந்த 30 சதவீதத்தை நம்மூர் முதலாளிமாரும் ஒருமுறை படித்துக்கொள்வது நல்லது. வருஷத்துக்கு ஒருமுறை கம்பெனி செலவில் டூர் போடுகிறவர்களுக்குச் சொல்கிறேன். கூட்டிக்கொண்டு போனவருக்கும் பங்கு உண்டு.

மின்சாரத்துக்காகத் தண்ணீர் திறப்பது இமாசலத்தில் மட்டும் நடப்பதில்லை. பில்லூர் அணையில் மின் உற்பத்திக்குத் திறக்கும்போது மேட்டுப்பாளையத்தில் பவானி திடீரென்று ஏறும். முழங்கால் அளவு தண்ணீரில் நின்றவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கழுத்தளவாகிவிடும். அங்கே சாவு தொடர்ந்ததால் போலீஸாரே உயிர்காப்புக் குழு அமைக்க வேண்டி வந்தது. திறக்கிறவர்களுக்கு நேரம் தெரியும், அளவு தெரியும். தெரியாதவர் குளிக்கிறவர் ஒருத்தர்தான்.

இன்னொரு வழக்கு வடோதராவில். 1993 ஆகஸ்ட் 11 அன்று அங்குள்ள சூர்சாகர் ஏரியில் உல்லாசப் படகு கவிழ்ந்தது. 20 பேர் ஏற வேண்டிய படகில் 38 பேர். 22 பேர் மூழ்கிப்போனார்கள். மாநகராட்சி சொன்னது நமக்குப் பழகிய பதில்தான்: படகை ஓட்டியது கான்ட்ராக்டர், எங்களுக்குச் சம்பந்தமில்லை. நுகர்வோர் ஆணையத்தில் தொடங்கிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனது. மக்களைக் காக்க வேண்டிய கடமையைக் கான்ட்ராக்டரிடம் தள்ளிவிட்டு மாநகராட்சி ஒதுங்க முடியாது என்று 2014இல் தீர்ப்பு வந்தது. சம்பவத்துக்கும் தீர்ப்புக்கும் இடையில் 21 வருஷம். இதில் என்னை மிகவும் உறுத்துவது இதற்குப் பிறகு நடந்ததுதான். 2024 ஜனவரி 18 அன்று அதே வடோதராவில், அதே மாநகராட்சி இன்னொரு தனியாருக்கு விட்டிருந்த ஹர்ணி ஏரியில், பள்ளிப் பிள்ளைகள் ஏறிய படகு கவிழ்ந்தது. பிள்ளைகள் 12 பேரும் ஆசிரியைகள் 2 பேரும் இறந்தார்கள். அளவுக்கு மீறிய கூட்டம், பலருக்கு உயிர்காப்புச் சட்டை கிடையாது. தீர்ப்பு மட்டும் தனியாக யாரையும் காப்பாற்றாது போலிருக்கிறது.

எதிர்ப்பக்கத்து நியாயத்தையும் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் இந்த மடல் ஒருதலையாகிவிடும். இங்கிலாந்தில் செஷயர் பகுதியில் ஒரு பூங்கா ஏரி. நீந்தக் கூடாது, ஆபத்து என்று பலகை இருந்தது. 1995இல் 18 வயதுப் பையன் ஒருவன் ஆழமில்லாத கரையில் தலைகீழாகப் பாய்ந்து கழுத்தை முறித்துக்கொண்டான். உள்ளாட்சி மன்றத்தின் மேல் வழக்கு. 2003இல் அந்நாட்டின் உச்ச மன்றம் அவனுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. கண்ணுக்குத் தெரிந்த ஆபத்தில், விவரம் தெரிந்த வயதில், தானாகக் குதித்தவனுக்கு ஊர் பணம் கட்ட வேண்டியதில்லை என்றது. எனக்கு அந்தத் தீர்ப்பில் பெரிய மறுப்பு இல்லை. ரீல்ஸுக்காகத் தடுப்புக் கம்பியைத் தாண்டி வழுக்குப்பாறையில் ஏறுகிற தம்பிக்காக நான் வாதாட வரமாட்டேன். ஆனால் அதே தீர்ப்பில் இன்னொரு பக்கமும் உண்டு. நாலு பேர் முட்டாள்தனமாகக் குதிக்கிறார்கள் என்பதற்காக, பிள்ளைகுட்டியோடு மணலில் ஒழுங்காக உட்கார்ந்திருக்கும் நூறு பேரிடமிருந்து கரையைப் பிடுங்க வேண்டியதில்லை என்றும் நீதிபதிகள் சொன்னார்கள்.

நம் பக்கத்தில் எல்லாவற்றுக்கும் முதல் மருந்து தடைதான். தடை போடச் செலவில்லை. ஒரு பலகை, ஒரு கயிறு, ஒரு பத்திரிகைச் செய்தி. வெள்ளம் வரும்போது தடை சரியே. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளத்தில் 17 வயது மாணவன் ஒருவன் போனதைப் பார்த்தோம். மேலே மலையில் மழை பெய்தால் கீழே வெயிலடிக்கும்போதே அருவி காட்டாறாகும். ஆகவே மேலே யார் பார்க்கிறார்கள், கீழே எப்படித் தகவல் வருகிறது, சைரன் வேலை செய்கிறதா, இழுத்துப்போட ஆள் நிற்கிறாரா என்பதுதான் பாதுகாப்பு. பலகை அதில் கடைசிப் பொருள்.

பலகை மட்டும் போதாது என்பது நமக்குப் புதுச் செய்தியும் இல்லை. வங்கதேசத்தில் 2013இல் ராணா பிளாசா இடிந்து 1,100க்கும் மேற்பட்ட தொழிலாளிகள் செத்த பிறகு, வெளிநாட்டு பையர்களின் ஆடிட் நம் யூனிட்களில் எப்படி இறுகியது என்று உங்களுக்குத் தெரியும். அவசர வழி என்று பச்சை எழுத்தில் எழுதி ஒட்டினால் ஆடிட்டர் டிக் போட்டுவிட மாட்டார். கதவைத் தள்ளிப் பார்ப்பார். பின்னால் பீஸ் மூட்டை அடுக்கியிருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பார். நடுவில் நிற்கும் கைமடிப் பொண்ணைக் கூப்பிட்டு, மணி அடித்தால் எந்தப் பக்கம் ஓடுவாய் என்று கேட்பார். அவளுக்குத் தெரியவில்லை என்றால் ஆர்டரே போகும். ஏதோ ஒரு நாட்டுக்காரர் போடும் டி-ஷர்ட்டுக்காக நம் முதலாளிகள் கட்டுப்படுகிற இந்த அளவுகோலை, நம்மிடம் டிக்கெட் போடும் துறைகளிடம் நாம் ஒருநாளும் நீட்டியதில்லை.

பலகையின் மொழியையும் சொல்ல வேண்டும். உங்கள் லைனில் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் பிள்ளைகள் எத்தனை பேர்? அவர்களும் ஞாயிற்றுக்கிழமை வாய்க்காலுக்கும் அணைக்கும் போகிறார்கள். ஆழமான பகுதி, குளிக்காதே என்று தமிழில் மட்டும் எழுதிய பலகை அந்தப் பையனுக்கு வெறும் தகரம். எச்சரித்தோம் என்று ஒரு துறை சொன்னால், யாருக்குப் புரியும்படி எச்சரித்தீர்கள் என்று கேட்க இடம் இருக்கிறது. கம்பெனிக்குள் போர்டை இந்தியிலும் ஒடியாவிலும் மாட்ட முடிகிற ஊர் இது.

2024 அக்டோபரில் தமிழக அரசு 40 மலையேற்றப் பாதைகளைத் திறந்தது. வனத்துறையின் கீழ் தனிக் கழகம், ஆன்லைன் டிக்கெட், பழங்குடி இளைஞர்கள் வழிகாட்டி. நம் மாவட்டத்துக்கும் ஒன்று, சின்னார் சோதனைச்சாவடியிலிருந்து கூட்டாறு வரைக்கும். நல்ல ஏற்பாடு, மனதாரச் சொல்கிறேன். பாதையும் அவர்களே, ஆளும் அவர்களே, பணமும் அவர்களுக்கே என்றானபின், அனுமதியில்லாமல் போனார்கள் என்ற பழைய பேச்சுக்கு இடமில்லை. ஆனால் அந்த டிக்கெட்டின் விலையில் ஒரு குடும்பமே திருமூர்த்தி மலைக்குப் போய் வந்துவிடும். வழிகாட்டியும் முதலுதவியும் காசு கட்டுகிறவர்களுக்கு, பலகை மட்டும் நமக்கு என்று இரண்டு தரம் உருவாவதை நான் ஒப்பமாட்டேன்.

திருமூர்த்தி மலையையே எடுத்துக்கொள்ளுங்கள். அமணலிங்கேஸ்வரர் கோயில் அறநிலையத்துறையிடம், சுற்றிலும் காடு வனத்துறையிடம், அணை நீர்வளத்துறையிடம். மேலே பஞ்சலிங்க அருவியில் வெள்ளம் வந்தால் குளிக்கத் தடை அறிவிப்பது கோயில் நிர்வாகம். இத்தனை பேர் கை வைத்திருக்கும் இடத்தில் விபத்து நடந்தால் ஒவ்வொரு கையும் அடுத்த கையைக் காட்டும். அதற்குச் சட்டத்தில் பதில் உண்டு. யார் பொறுப்பு என்று கண்டுபிடித்துக்கொண்டு வருவது அடிபட்டவர் வேலை இல்லை. எல்லாரையும் எதிர்மனுதாரராகச் சேர்த்துவிடலாம். பங்கை நீதிமன்றம் பிரித்துக்கொள்ளும், பியாஸில் பிரித்தது போல.

அரசாங்கத்தின் மேல் வழக்குப் போட முடியுமா என்று ஒருத்தர் கட்டாயம் கேட்பார். ஒரு காலத்தில் கஷ்டம்தான். மீரட்டில் போலீஸ் பறிமுதல் செய்த தங்கத்தைத் தலைமைக் காவலர் ஒருவர் எடுத்துக்கொண்டு பாகிஸ்தானுக்கே ஓடிவிட்டார். அதற்கும் அரசு பொறுப்பில்லை, அது இறையாண்மை அதிகாரம் என்று 1964இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பிறகு வந்த தீர்ப்புகள் அந்தச் சுவரை நிறையவே இடித்துவிட்டன. படகு விடுவதும் குளிக்க டிக்கெட் கிழிப்பதும் இறையாண்மை என்று இன்று ஒருவர் வாதாடினால் நீதிபதிக்குச் சிரிப்பு வரும்.

சில இடங்களில் உள்ளே விடும் முன் ஒரு தாளில் கையெழுத்து வாங்குவார்கள், எது நடந்தாலும் நானே பொறுப்பு என்று. போட்டுவிட்டோமே, இனி ஒன்றும் கேட்க முடியாது என்று நினைத்து வீட்டோடு இருந்துவிடாதீர்கள். மலை ஏறினால் மூச்சு வாங்கும், கால் வழுக்கும் என்பதற்கு அந்தக் கையெழுத்து பொருந்தும். வெள்ளியங்கிரியில் 2024 சீசனில் மூச்சுத்திணறியும் நெஞ்சுவலியிலும் பல பேர் இறந்தார்கள். நெஞ்சுக்கோளாறை மறைத்து ஏறினால் அந்தப் பங்கு ஏறியவருடையது. நடத்துகிறவர் காட்டிய அலட்சியத்துக்கு அந்தத் தாள் கவசம் ஆகாது என்று வாதிட ஒப்பந்தச் சட்டத்திலும், 2019 நுகர்வோர் சட்டத்திலும் இடம் இருக்கிறது.

வேலையில் பட்ட அடிக்கும் ஞாயிற்றுக்கிழமை பட்ட அடிக்கும் உள்ள வித்தியாசத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். இ.எஸ்.ஐ. இருந்தால் அருவியில் கால் ஒடிந்தாலும் வைத்தியம் உண்டு. சந்தா ஒழுங்காகக் கட்டியிருந்தால் வேலைக்கு வராத நாளுக்குச் சம்பளத்தில் 70 சதவீதம், வருஷத்துக்கு 91 நாள் வரை கிடைக்கும். ஆனால் கால் நிரந்தரமாகப் போய்விட்டால் அதற்கான மாதப்பணம் வேலையால் வந்த காயத்துக்கு மட்டும்தான். பவர்டேபிளில் பீஸ் ரேட்டுக்கு ஓட்டுகிற பலருக்கு இ.எஸ்.ஐ. எண்ணே கிடையாது. தையல்காரனுக்குப் பெடல் மிதிக்கும் கால் போனால் என்ன மிச்சம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? அதனால்தான் அடுத்தவர் பங்கைக் கேட்டு வாங்குவது நமக்குக் கௌரவப் பிரச்சினை இல்லை, சோற்றுப் பிரச்சினை.

எனவே டிக்கெட்டைக் கசக்கி எறியாதீர்கள், பார்க்கிங் சீட்டையும் சேர்த்துத்தான். விபத்து நடந்தால் பலகை இருந்த இடம், இல்லாத இடம், உடைந்த கம்பி எல்லாவற்றையும் அன்றைக்கே போனில் படம் எடுங்கள். மறுநாள் புதுப் பலகை நட்டுவிடுவார்கள். அரசு ஆஸ்பத்திரியில் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பி, ஸ்டேஷனில் எஃப்.ஐ.ஆர். காப்பி இரண்டையும் கேட்டு வாங்குங்கள். முதல்வர் நிவாரண நிதியிலிருந்து பணம் வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். அது யார் தப்பு என்பதற்குப் பதில் இல்லை, அதை வாங்கியதால் வழக்கு உரிமையும் போகாது. காசு கொடுத்து வாங்கிய சேவை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும். அங்கே கட்டணம் நாம் கேட்கும் இழப்பீட்டை வைத்து இல்லை, டிக்கெட்டுக்குக் கொடுத்த தொகையை வைத்துத்தான்; ஐம்பது ரூபாய் டிக்கெட்டுக்குக் கட்டணமே கிடையாது. வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 1987ஆம் வருஷத்துச் சட்டத்தில், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச உதவி பெறக்கூடியவர்கள் பட்டியலில் பெண்களும், ஆலைத் தொழிலாளிகளும் இருக்கிறார்கள். நம்மில் பலர் இரண்டு வகையிலும் வருகிறோம்.

கடைசியாக ஒரு வேலை. இந்த வாரம் வேனுக்குப் பெயர் எழுதுகிற அதே நோட்டில், ஒரு மனுவுக்கும் கையெழுத்து வாங்குங்கள். பஞ்சலிங்க அருவிக்கு மேலே மழையளவு பார்க்க ஆளும் கீழே சைரனும், பயிற்சி பெற்ற இரண்டு பேராவது ஞாயிற்றுக்கிழமைகளில், எச்சரிக்கை இந்தியிலும் ஒடியாவிலும், எந்தத் துறை பொறுப்பு என்று வாசலிலேயே பெயரும் போன் நம்பரும். இவ்வளவுதான் கேளுங்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு ஷிப்டை விட்டு எல்லாரும் போக வேண்டாம், ஒருத்தர் போதும். அவருக்கு அன்றைய கூலியை மற்றவர்கள் பிரித்துக் கொடுத்துவிடுங்கள். முடியாவிட்டால் முதல்வரின் உதவி மையமான 1100க்குப் போன் போட்டுப் பதிவு செய்யுங்கள். மனு எண் கொடுப்பார்கள். அதையும் தேதியையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள். நாளைக்கு ஒரு வழக்கு என்று வந்தால், இப்படி ஓர் ஆபத்து இருப்பது எங்களுக்குத் தெரியாது என்று எந்தத் துறையும் சொல்ல முடியாதபடி நம் கையில் இருக்கும் முதல் தாள் அது.

உங்களில் ஒருவன்,
திருப்பூர்.